சங்கரன்கோவில் அருகே

செப்டம்பர் 3, புதன்
அப்ரீன் பானு போன் செய்தார். கடையநல்லூர்க்காரர், பாம்புகளின் வாழிடத்தைக் கணினியில் வரைபடமாக்கும் ஆராய்ச்சியாளர். நிருபராக நான் எழுதிய முப்பது வருடப் பாம்புக்கடிச் செய்திகளைப் போன மாதம் வாங்கிப் போனவர்.
“படம் வந்துட்டு அண்ணாச்சி. கண்ணாடி விரியனுக்கு ரொம்பத் தோதான இடம் எது தெரியுமா? சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு.”
கோயிலில் புற்றுமண்ணைப் பிரசாதமாகத் தரும் ஊருக்குப் பெருமைதானே என்று சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் உறுத்தியது.

செப்டம்பர் 4, வியாழன்
மடிக்கணினியோடு வந்துவிட்டார். முறை எளிதுதான். கடி நடந்த இடங்களைப் புள்ளிகளாக வைக்கிறார். மண், புதர், மழை, பயிர் என்று ஒவ்வொரு படமாக அதன்மேல் அடுக்குகிறார். அந்தப் புள்ளிகளைப் போன்ற இடம் வேறு எங்கே என்று கணினி தேடிச் சிவப்பு பூசுகிறது. கணினி மேல் குற்றமில்லை. புள்ளிகள் என்னுடையவை.
“எல்லாச் செய்தியிலயும் ‘சங்கரன்கோவில் அருகே’ன்னு எழுதியிருக்கிய. அருகேன்னா எத்தன கிலோமீட்டர்?”
இருபத்தைந்து வரை போகும் என்றேன். சின்ன ஊர்ப் பெயரை, செய்தியைத் திருத்தும் மதுரை டெஸ்க்கில் வெட்டிவிடுவார்கள். எல்லா நிருபரும் இப்படித்தான் எழுதுகிறோம்.
“வயசு கரெக்டு, தகப்பனார் பேரு கரெக்டு, நேரம் கரெக்டு. பாம்ப மட்டும் பஸ் ஏத்தி விட்டுட்டிய.”
அடுக்களையில் என் மனைவி கோமதியின் சிரிப்பு.
சிரிப்பு இருக்கட்டும். எந்தக் கிராமச் சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து வைப்பது என்று சுகாதாரத் துறையினர் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள். கூட்டம் 26ஆம் தேதி. படம் இப்படியே போனால், மருந்து ஏற்கெனவே இருக்கிற டவுனுக்கே வரும்.

செப்டம்பர் 7, ஞாயிறு
பழைய குறிப்பேடுகளில் ஊர்ப் பெயர் இருக்கும். தேடினேன். வெள்ளையடித்தபோது பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்றாம். “எல்லாம் பேப்பர்ல வந்துட்டுதேன்னு நீங்கதான சொன்னிய?” என்கிறாள் கோமதி. நேரில்தான் போக வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்
திருவேங்கடம் பஸ். அங்கிருந்து ஆட்டோவில் கருத்தப்பாண்டி வீடு. ஏழு வருடம் முன்பு அவர் தம்பி விரியன் கடித்து இறந்தார். செய்தி என்னுடையது. கடித்த இடத்தைக் காட்டச் சொன்னேன்.
“ஏழு வருசங்கழிச்சு வாரீரே வே. பாம்பு இன்னுமா உக்காந்திருக்கும்?”
காட்டினார். ஓடைக்கரையை ஒட்டி உழுது போட்ட கரிசல். போனில் இடத்தைக் குறித்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் வீட்டுக்குள் போய், மடித்து வைத்திருந்த பேப்பரை எடுத்து வந்தார்.
“சங்கரன்கோவில் அருகேன்னு போட்டிருக்கீரு. அருகேன்னா எந்தம்பி பொழச்சிருப்பாம்லா.”
கோபமே இல்லாமல் சொன்னார். அவர் மனைவி இசக்கியம்மாள் காபி கொடுத்தார். குடித்தேன். வேறென்ன செய்ய?

செப்டம்பர் 16, செவ்வாய்
இளையரசனேந்தல் பக்கம் அலைச்சல். முழங்கால் வலி. அனுப்பிய புள்ளிகளுக்கு அப்ரீனின் பதில்: “பாம்பு மெல்ல பஸ் ஸ்டாண்ட காலி பண்ணுது.”

செப்டம்பர் 26, வெள்ளி
கூட்டம். புதுப் படத்தில் டவுன் வெளிறிவிட்டது. ஓடையோரக் கரிசல் சிவந்திருக்கிறது. பழைய படம் ஏன் தப்பானது என்று அதிகாரி கேட்டார். அப்ரீன் என் பக்கம் திரும்பவே இல்லை. நானே எழுந்து, பிழை என்னுடையது என்றேன். கேலி செய்ய அவ்வளவு வாய்ப்பிருந்தும் அவர் செய்யவில்லை. வெளியே வந்த பிறகு செய்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்
கருத்தப்பாண்டி வீட்டுக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு மருந்து வந்துவிட்டது.

நவம்பர் 20, வியாழன்
காலையில் உளுந்துக்குக் களை எடுக்கையில் இசக்கியம்மாளை விரியன் கடித்துவிட்டது. கருத்தப்பாண்டி பைக்கில் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறார். கால் மணி நேரம். முதல் மருந்தை அங்கேயே ஏற்றி, ஆம்புலன்ஸில் டவுனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

நவம்பர் 25, செவ்வாய்
இசக்கியம்மாள் வீடு திரும்பிவிட்டார். போயிருந்தேன். மிச்சக் களையை யார் எடுப்பது என்று கணவரோடு சண்டை. என்னைப் பார்த்ததும், “எந்த வரப்புன்னு கேக்கத்தான வந்திருக்கிய?” என்றார். அதற்கும்தான்.
டெஸ்க்குக்குப் போன் செய்தேன். செல்வக்குமார் எடுத்தார்.
“ஆளு இருக்காங்களா அண்ணாச்சி?”
“இருக்காங்க.”
“அப்ப நியூஸ் இல்லையே.”
இல்லைதான். இன்று என் பகுதியிலிருந்து செய்தி ஏதும் இல்லை.