உங்கள் வீட்டில் குடியிருந்த பிள்ளைகள்

இன்று மாலை சாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மூட்டை இறக்கினார்கள், அக்கா. நெடி படியேறி நம் மாலை வகுப்பு நடக்கும் மாடியறைக்குள் வந்தது. பிள்ளைகள் வரிசையாகத் தும்மினார்கள். "தும்முனவங்கல்லாம் பிரசென்ட்" என்று நீங்கள் வருகை போடுவது நினைவுக்கு வந்தது. இன்று எவ்வளவு தும்மினாலும் வருகை போட முடியாது. அரசின் கணக்கில் அந்த அறையில் ஒருவரும் இல்லை.

பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையங்களுக்கென்று அரசின் இணையதளம் வந்த நாளில் நாம் இருவரும் கணினி முன் உட்கார்ந்தோம். சிற்றுண்டி, புத்தகம், விளையாட்டுப் பொருள் எல்லாம் தருவதாகச் சொன்னது. சிரிக்கும் குழந்தைகளின் படமும் இருந்தது. ஒரே நிபந்தனை, பிள்ளைக்கு உள்ளூர் முகவரி வேண்டும். நம் பிள்ளைகளின் பெற்றோர் தென்காசிப் பக்கமிருந்து மாநில எல்லை தாண்டிக் கட்டட வேலைக்கு வந்தவர்கள். கட்டி முடிக்காத கட்டடங்களில் தூங்குகிறவர்கள். ஊர் முகவரியைப் போட்டால், உங்கள் மாநிலத் தளத்துக்குப் போங்கள் என்றது. அங்கே போனால், பிள்ளை படிக்கும் மாநிலத்தைக் கேளுங்கள் என்றது. இரண்டு அரசுகள் இத்தனை மரியாதையாக ஒன்றுக்கொன்று வழிவிட்டு நான் பார்த்ததில்லை.

"என் வீட்ல நான் ஒருத்திதானே" என்று எல்லாருக்கும் உங்கள் முகவரியையே போட்டீர்கள். தளம் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் ஒற்றையறை வீட்டில் ஒரு பள்ளிக்கூடமே குடியேறியது.

உங்கள் இறப்பைப் பதிந்ததும் அந்த வீட்டில் யாருமில்லை என்றாகிவிட்டது. பிள்ளைகளின் பெயர்களும் போயின, சிற்றுண்டி நின்றது. அலுவலகத்தில் முறையிட்டேன். அங்கிருந்த மலையாள எழுத்தர் கேட்டார்:

"ஆளு மரிச்சு போயில்லே சாரே? பின்னே குட்டிகள் அவிடெ எங்ஙனெ தாமசிக்கும்?"

இறந்தவர் வீட்டில் பிள்ளைகள் எப்படிக் குடியிருப்பார்கள் என்பது நியாயமான கேள்விதான். முத்துமாரிக்குத்தான் அது புரியவில்லை. மாலைச் சிற்றுண்டியையே இரவுச் சாப்பாடாக வைத்துக்கொள்கிறவள் அவள். "சார், டீச்சர் மரிச்சா நாங்களும் மரிச்ச மாதிரியா?" என்றாள்.

நேற்று எல்லாருக்கும் என் முகவரியைப் போட்டேன். தளம் வாழ்த்துச் சொன்னது. என் மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு பேரும் நம்ம வீட்லயா? சரி, இருக்கட்டும். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

நீங்கள் எத்தனை முறை திட்டியும் கேட்காதவன், அக்கா, இப்போது பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குகிறேன்.