தீ மூட்டாத வெந்நீர்

சூடான உப்புத் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. சுண்ணாம்பு நனைந்ததுபோல, கொஞ்சம் துருவும் கலந்ததுபோல. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் வீட்டுப் பின்பக்கம் புதிதாக வைத்திருக்கும் குழாயைத் திறந்தேன். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு கை பொறுக்காத வெந்நீர். அந்த வாசனை முகத்தில் அடித்தபோது உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. எனக்கு எதற்கும் இந்த இரண்டாவது எண்ணம் வந்துவிடும், உனக்குத் தெரியாததா.

மாடியில் இரண்டு சோலார் பேனல்கள். அவற்றிலிருந்து இறங்கும் வயர் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பிக்குப் போகிறது. பேட்டரி கிடையாது. வெயில் இருந்தால் தண்ணீர் சுடும், அவ்வளவுதான். விறகு வேண்டாம், தீக்குச்சி வேண்டாம். நீ கேட்டது இதைத்தான்.

உன் வீட்டுக்காரர்தான் போனில் கூப்பிட்டார். "நீங்க படிச்சவுக டீச்சர். எலக்ட்ரீசியன் சரியாத்தேன் மாட்டியிருக்கானான்னு ஒருக்க வந்து பாத்துட்டுப் போங்க." போய்ப் பார்த்தேன். தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதிக்காமல் நிறுத்தும் சுவிட்ச் பேனல் மின்சாரத்துக்கு ஏற்றதா என்று தேடினேன். வீட்டுக் கரண்டுக்கு உரியதை மாட்டிவிட்டால் உள்ளே பொறி பறக்கும். சரியானதையே மாட்டியிருந்தான். நான் குறை சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

நீயும் நானும் விருதுநகரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இயற்பியல் படித்தோம். நான் மதுரைக்குப் போய் மேலே படித்து, திரும்பி வந்து அதே பாடத்தை நடத்துகிறேன். நீ கல்யாணமாகி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போனாய். கணவரோடு சேர்ந்து பட்டாசு ஆலைக்கு வேலைக்கும் போனாய். வெடிக்குள் செலுத்தும் பொடியை உங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வேனில் இறங்கும்போது உங்கள் இருவரின் கைகளும் கழுத்தும் வெள்ளி பூசியதுபோல மினுங்கும். பச்சைத் தண்ணீரில் அது போகாது. வெந்நீர் வேண்டும். ஆனால் மருந்து படிந்த உடம்போடு அடுப்புப் பக்கம் போகக்கூடாது. ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் சட்டம். வேலைக்குப் போகாத யாராவது ஒருவர் அடுப்பைப் பற்றவைத்து அண்டாவை ஏற்றியிருக்க வேண்டும்.

உன் வீட்டில் அது உன் மகள். அவளைக் காரியாபட்டியில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் சுத்தமான கை இல்லாமல் போயிற்று. முதலில் பச்சைத் தண்ணீரில் ஒரு குளியல், பிறகு சேலை மாற்றி அடுப்பு மூட்டல், பிறகு வெந்நீரில் இன்னொரு குளியல். மார்கழியில் நீ நடுங்கிக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த நிலையில்தான் ஒருநாள் என்னைத் தேடி வந்தாய்.

"ஏ புள்ள, ரெண்டு பேனலு, ஒரு கம்பி. தொட்டிக்குள்ள விட்டாப் போதுமாம். நாங்க வேன்ல இறங்கையில தண்ணி கொதிச்சுக் கிடக்குமாம். நெசமா?"

"நடக்கும். ஆனா அது முட்டாள்தனம்" என்றேன்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டும் காட்டினேன். பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். அந்த மின்சாரத்தைத் திரும்பச் சூடாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. கண்ணாடிக் குழாய் வைத்த ஹீட்டர் வெயிலை நேராகவே வாங்கிக்கொள்ளும், பாதிக்கு மேல் தண்ணீரில் சேர்க்கும். இதை வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன்.

"அந்தக் குழாய்க்குள்ள உப்புப் படிஞ்சா என்ன செய்ய? கம்பின்னா வெளிய உருவித் தட்டிட்டு மாட்டிக்கிரலாம்ல?"

"அதெல்லாம் சின்ன விஷயம். எம்புட்டு வெயில் வீணாப் போகுதுன்னு பாரு."

"வெயில் வீணாப் போனா யாருக்குடி நட்டம்? எங்கூர்ல அது ஒண்ணுதானே கொட்டிக் கிடக்கு."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நீ சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்" என்று மடித்து எடுத்துக்கொண்டு போனாய்.

உங்கள் ஊர்த் தண்ணீரில் போட்ட டீயை எத்தனை தடவை குடித்திருப்பேன். அண்டாவின் உள்பக்கத்தில் ஏறியிருந்த வெள்ளைப் பொருக்கை எத்தனை தடவை பார்த்திருப்பேன். அன்றைக்கு அது எதுவும் என் கணக்குக்குள் வரவில்லை. இத்தனைக்கும் கேட்டவள் நீ. வாய்விட்டுக் கேட்டாய்.

கண்ணாடிக் குழாய்கள் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தன. முதலில் உள்ளே உப்புப் படிந்து தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றது. பிறகு ஒரு குழாய் விரிசல் விட்டது. போனில் நீ கோபப்படவே இல்லை.

"அவுக கேட்டாக, இத எவன் சொல்லி வாங்குனன்னு. நானாத்தேன் பாத்து வாங்குனேன்னு சொல்லிட்டேன். உன் பேர இழுக்கல. வாத்திச்சி மானம் போயிரும்ல?"

வாத்திச்சி என்று என்னைக் கூப்பிட்டவள் நீ ஒருத்திதான். உப்பை அமிலம் விட்டுக் கழுவ ஆள் இருக்கிறார்கள், விடைத்தாள் திருத்தும் வேலை முடியட்டும், விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். திருத்தி முடித்தேன். விசாரிக்கவில்லை. நீங்கள் பழையபடி அடுப்புக்குத் திரும்பியிருந்தீர்கள்.

அது தீபாவளி சீசன். உன் வீட்டுக்காரர் இரண்டு நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தார். நீ மட்டும் வேலைக்குப் போய்விட்டு வந்தாய். வேன் பிந்திவிட்டதால் ஆலையில் சேலை மாற்றக்கூட நேரமில்லை. வாசலில் கால் வைத்ததும் அவர் மேலுக்கு ஊற்றக் கொஞ்சம் வெந்நீர் கேட்டார். ஒருநாளும் அந்தச் சட்டத்தை மீறாதவள் நீ. அன்றைக்கு நேராக அடுப்புக்குப் போனாய்.

தீக்காயத்தோடு மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தாய். இரண்டு நாள் நான் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உன் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழாயை மூடிவிட்டு வந்து முன்னறையில் உட்கார்ந்தேன். அவரே டீ போட்டுக் கொடுத்தார். இப்போதும் ஆலைக்குத்தான் போகிறார், வேறு எங்கே போவார். விரல் இடுக்கில் அந்த வெள்ளி மினுங்கியது.

"தண்ணி நல்லாச் சுடுது, என்ன?" என்றார்.

"நல்லாச் சுடுது."

"நாந்தேன் வெந்நி கேட்டேன் டீச்சர். எந்திரிச்சு நானே பத்தவச்சிருக்கலாம். ரெண்டு நாளா வேலைக்குப் போகல, என் மேல ஒரு தூசி கிடையாது." பிறகு குரல் மாறியது. "ஆனா அவளும் லேசுப்பட்டவ இல்ல. பேனலு பேனலுன்னு ஆறு மாசம் என்னை அரிச்சா. ஒரு நா திடீர்னு குழாய்தேன் வேணும்னு நிக்கிறா. அம்புட்டும் தலக்கனம். யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. உங்களக் கேட்டிருந்தாக்கூட நீங்க சரியாச் சொல்லியிருப்பீக."

டம்ளரைக் கீழே வைத்தேன். சொல்ல வேண்டியது மூன்று வார்த்தைதான். அவ என்னைக் கேட்டா. அதைச் சொல்லியிருந்தால் அவர் என்னைத் திட்டியிருப்பார், ஒருவேளை வெளியே போகச் சொல்லியிருப்பார். உன்மேல் இருக்கும் கோபமாவது இறங்கியிருக்கும். மனைவியை நினைத்து அழ ஒரு மனிதனுக்கு வழி கிடைத்திருக்கும்.

"கம்பில உப்புப் படியும். மாசம் ஒருக்க உருவித் தட்டிவிடுங்க" என்றேன்.

"நமக்கு அது தெரியாது டீச்சர். மாசம் ஒருக்க நீங்களே வந்து பாத்துக்கிருங்களேன்."

சரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நீ எனக்காகச் சொன்ன பொய் அந்த வீட்டில் உண்மையாகவே இருக்கிறது. அந்த மூன்று வார்த்தைகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த மாதம் கொண்டுபோவேன். திரும்பவும் கொண்டுவருவேன் என்றுதான் நினைக்கிறேன்.