நங்கூரப் படத்தை அழுத்தவும்

சென்னை
3.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கம்ப்யூட்டர்காரன் தபாலில் எழுதுகிறானே என்று சிரிக்காதே. இங்கே நான்கு பேருக்கு ஒரே மேசை; போனில் பேசினால் ரகசியம் தங்காது.

நம் தூத்துக்குடித் துறைமுகத்தில் நாற்பது கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்கள் நம் 'நங்கூரம்' மென்பொருளில்தான் சரக்குப் பத்திரம் போடுகின்றன. ஜூலையில் எல்லோரும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அவர்கள் போய்விட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான். கொச்சியிலிருந்து 'அலைவழி' என்றொரு கம்பெனி அங்கே இறங்கப்போகிறதாம். எப்போது, எப்படி என்று தெரிந்தால் முந்திக்கொள்வேன். நம் விளக்கப் புத்தகத்தை எழுதியவளே நீ. கொஞ்சம் விசாரித்துச் சொல்.

தம்பி டிக்சன்

தூத்துக்குடி
10.6.2025

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு,

இன்ஸ்பெக்டர் வரும் நாளைப் பள்ளியில் யாரும் சொல்ல மாட்டார்கள். தலைமையாசிரியர் புதுச் சாக்பீஸ் டப்பாவைப் பிரித்தால் எனக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் பார்த்தேன்.

பீச் ரோட்டில் ஒரு மாடிக்கு வெள்ளையடித்து ஏசி மாட்டுகிறார்கள். ஆள் தேவை என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். புரோகிராம் எழுத அல்ல. ஆபீஸ் ஆபீஸாகப் போய்த் தமிழில் சொல்லிக்கொடுக்க நான்கு பெண்கள். ஆக, சாமான் தயார், விற்பதுதான் பாக்கி. தேதிக்கு மக்ரூன் கடை ஜெயசிங் அண்ணாச்சியைக் கேட்டேன். "ஜூன் முப்பதுக்கு அந்த மாடிக்காரவ நாப்பது டப்பா சொல்லியிருக்காவ டீச்சர்" என்றார். உன் நாற்பதுதான்!

கிளியரிங் ஆபீஸ் செல்லக்கனி என்னை மார்க்கெட்டில் பிடித்துக்கொண்டாள். "ஒங்க தம்பி கம்பெனில எவனும் போன எடுக்க மாட்டுக்கான்" என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா விக்டோரியா

சென்னை
16.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மக்ரூனில் தேதி கண்டுபிடித்த உன்னை எங்கள் ஆபீஸில் உட்கார வைக்க வேண்டும். அந்த வேலைக்கு மனுப் போடுவதுபோல் உள்ளே போய்ப் பார். பார்ப்பதோடு நில். யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

டிக்சன்

தூத்துக்குடி
23.6.2025

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு,

கோபப்படாமல் படி. போனேன். டீ கொடுத்து, அவர்கள் விளக்கப் புத்தகத்தையும் காட்டினார்கள். ஒரு வரிகூடப் புரியவில்லை. மேனேஜருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்த நான்கு பெண்களும் அழாத குறை. "டீச்சர், நாங்க இத எப்பிடிச் சொல்லிக்கொடுக்க?" என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டே நாளில் புத்தகம் முழுவதையும் உதாரணங்களோடு எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சுக்குப் போய்விட்டது.

விழாவுக்கு என்னைத்தான் சிறப்பு விருந்தினர் என்கிறார்கள்.

அக்கா விக்டோரியா

சென்னை
27.6.2025

அக்கா,

வேவு பார்க்க அனுப்பினேன். நீ எதிரிக்குப் பாடம் எழுதிக் கொடுத்திருக்கிறாய். இனி எனக்கு எழுத வேண்டாம்.

டிக்சன்

தூத்துக்குடி
2.7.2025

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

முப்பதாம் தேதி நாற்பது ஆபீஸ்காரர்களும் வந்தார்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு புத்தகம். முதல் பாடத்தின் முதல் வரி: 'இடப்பக்கம் உள்ள நங்கூரப் படத்தை அழுத்தவும்.' எல்லோரும் இடப்பக்கம் தேடினார்கள். நானும் எட்டிப் பார்த்தேன்.

"ஏலே, நங்கூரத்த எங்கலே?" என்று ஏஜென்ட் பெவின் கத்தினான்.

"அது டிக்சன் அண்ணாச்சி சாமான்லல்லா இருக்கு!"

"அப்ப இருக்கத விட்டுட்டு இங்கன எதுக்குல வந்தோம்?"

கூடமே சிரித்தது. மேனேஜரும் விவரம் புரியாமல் கூடச் சிரித்தார். மக்ரூனை எடுத்துக்கொண்டு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். முப்பத்தொன்பது பேர் உன்னிடமே இருப்பதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேண்டுமென்று செய்யவில்லை, தம்பி. நான் அறிந்த மென்பொருள் ஒன்றுதான். நம் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். கை பழகிய பாதையில் போய்விட்டது. ஆனால் தப்பாக அச்சான பாடத்தை அப்படியே விட என்னால் ஆகாது. அந்தப் பெண்கள் என்ன பாவம் செய்தார்கள்? பதினைந்தாம் தேதி போய், அவர்கள் திரையைப் பார்த்தே திருத்திக் கொடுக்கப்போகிறேன். அதற்குள் நீ கையெழுத்துகளை வாங்கிவிடு.

நாற்பதாவது ஆள் செல்லக்கனி. "நங்கூரம் இருந்து என்ன டீச்சர், போன எடுக்கணும்லா" என்கிறாள். தினமும் பதினோரு மணிக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த மக்ரூன் டப்பாவை உனக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். தின்றுகொண்டிருக்கும்போது போன் அடித்தால் அவள்தான். வாயைத் துடைத்துக்கொண்டு எடு.

அக்கா விக்டோரியா