பத்து நகத்திலும் வெள்ளைக் கோடு

அம்மா, நலமா? முழங்கால் வலி மட்டுப்பட்டதா?

மூன்று மாதமாக ஒரு புலியோடுதான் குடித்தனம். பயப்படாதே, நூறு வருடத்துக்கு முன் பாடம் செய்து மியூசியத்தில் நிறுத்திய புலி. கையுறை போட்டால் மீசை பிடிபடாது என்று வெறுங்கையால்தான் துடைத்தேன். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் தோலில் பாஷாணம் பூசியிருக்கிறார்கள் என்பது போன வாரம்தான் தெரிந்தது.

மேலதிகாரி என் கையைப் பிடித்துப் பார்த்தார். பத்து நகத்திலும் குறுக்கே வெள்ளைக் கோடு.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"நகத்துல வெள்ளை விழுந்தா புதுத்துணி வரும்னு எங்கம்மா சொல்வாங்க சார்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுக்கச் சொன்னார்.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள. இங்கே ஏசி அதிகம். ரத்தம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள். நீ சொன்னது பலித்துவிட்டது அம்மா, புதுத்துணி கொடுத்துவிட்டார்கள். பச்சை அங்கி. முடிச்சு முதுகில் இருக்கிறது, எனக்குக் கை எட்டவில்லை.

உன் சின்னவள்