உன் கையைக் கட்டிய தோல் வார்

என் உயிரான பாக்கியம் அக்கா,

கிள்ளானில் நீ உயிரை விட்ட அதே ஆஸ்பத்திரியில், அதே பெண்கள் வார்டில் நான் ஆயாவாக வேலை பார்க்கிறேன். கேட்டால் திட்டுவாய்.  

செல்லத்தைப் பெற்ற சில நாளில் உனக்கு ஜன்னி கண்டது. கட்டிலை விட்டுக் குதித்தாய், சுவரில் முட்டிக்கொண்டாய். விழுந்து சாகாமல் இருக்க, கைகால்களைத் தோல் வாரால் இரும்புக் கட்டிலோடு கட்டினார், டாக்டருக்கு அடுத்தபடி வார்டைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸர். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஜன்னி தெளிந்த பிறகும் ஏன் அவிழ்க்கவில்லை?

பிள்ளையோடு நான் வந்தபோது நீ தெளிவாகப் பேசினாய்.

"கைய மட்டும் அவுத்துவிடச் சொல்லுடி. புள்ளைய ஒருக்கா தூக்கிக்கிறேன்."

ஓடிப்போய்க் கேட்டேன். டிரஸ்ஸர் காப்பிக் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கட்டியே இருந்தா நமக்குத் தொல்ல இல்லலா. நாளைக்கு டாக்டர் தொரை வருவாரு, பாத்துக்கலாம்."

நமக்காம்! அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாமே அருவருத்துப் போனது.

நானே அவிழ்த்தேன். வார் சதையோடு ஒட்டியிருந்தது. அடியில் சீழ், சீழில் எறும்பு. உனக்குக் கீழே விரிப்பு நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனைந்திருந்தது. பால் கட்டிய மார்பு கல்லாய்க் கிடந்தது. உன்னைத் திருப்பிப் படுக்க வைக்கக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை. பிள்ளையைத் தூக்கப் பார்த்தாய், விரல் மடங்கவில்லை. உன் கைக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். இரண்டு பேருமாய் அவளை ஏந்தினோம்.

அந்தப் புண்ணில் விஷமேறித்தான் நீ போனாய். காய்ச்சல் என்றார்கள். "அவங்க நல்லதுக்குத்தான் கட்டுனோம்" என்று அத்தானிடம் சொல்லிக்கொண்டே அந்த டிரஸ்ஸர் வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.  மனிதனுக்கு அவ்வளவுதானா அக்கா வெட்கம்?

போன வாரம் பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மலேரியா ஜன்னி. அடுத்த கட்டிலில் கிடந்தவள்மேல் பாய்ந்தாள். அதே டிரஸ்ஸர் வாரோடு வந்தார்.

"கட்டுங்க சார். ஆனா துணி சுத்திக் கட்டணும். நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். தெளிஞ்சதும் அவுத்துடுவேன்."

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல. நீங்க கட்டிப்போட்டே கொன்னீங்களே பாக்கியம், அவ தங்கச்சி."

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் யோசித்தார். உன் பெயர் அவருக்கு நினைவே வரவில்லை, அக்கா. அது முகத்தில் தெரிந்தது. வாரை என்மேல் எறிந்துவிட்டுப் போனார்.

பழஞ்சேலையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். வாயை நனைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன். மறுநாள் அவள் தெளிந்து தண்ணீர் கேட்டாள். அவிழ்த்துவிட்டதும் குவளையைத் தானே பிடித்துக் குடித்தாள். நான் பின்பக்கம் போய் வாய்விட்டு அழுதேன்.

அத்தானுக்கு ரயில்வே வேலையில் பிரிக்பீல்ட்ஸுக்கு மாற்றலாகிவிட்டது. ரயில்வே வீடு கொடுத்திருக்கிறார்கள். செல்லம் பள்ளிக்கூடம் போகிறாள்.

நான் இருக்கும்வரை இந்த வார்டில் கட்டுண்டு கிடக்கும் எவளையும் தனியாக விடமாட்டேன். வேலையை விட்டுத் துரத்தினால் வாசலில் நின்று கத்துவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
தனம்