அண்ணன் பெயரில் எடுத்த படம்

என் மச்சான் இலாரியோவுக்கு, மனிக்கி ஆற்றங்கரையிலிருந்து உங்கள் எர்மெலிந்தா எழுதுவது. நானும் நம் பிள்ளைகளும் சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று எப்போதும் எழுதுவேன். இந்தத் தடவை அது ஆவல் இல்லை, பயம்.

முதலில் கையில் இருக்கிற ரம்ப மிஷினை அணைத்துக் கீழே வையுங்கள். எங்காவது நிழலில் உட்காருங்கள். அப்புறம் படியுங்கள். இதைக் கொண்டு வந்திருப்பது உங்கள் அண்ணன் தாமசோ. அவரிடம் விஷயத்தைக் கேட்காதீர்கள். சொல்ல வாய் வராது என்று அவரே சொல்லிவிட்டார், படிக்கவும் அவருக்குத் தெரியாது. அதனால்தான் நம் நெலியின் பள்ளிக்கூட நோட்டில் தாள் கிழித்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது ஓடத்தில் நின்றுகொண்டு, முடிந்ததா முடிந்ததா என்று என் உயிரை வாங்குகிறார். எழுத்து கோணலாக இருந்தால் அவரைத் திட்டுங்கள்.

சாபலோ மீன் ஏறிய வாரம் ஞாபகம் இருக்கிறதா? நெஞ்சையும் தலையையும் படம் எடுக்க வேண்டும், நாற்பது தாண்டியவர்கள் எல்லாரும் திரினிதாத் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று டாக்டரம்மா ஆட்கள் கூப்பிட்டார்களே, அந்த வாரம். உங்கள் அண்ணன் ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டார். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல நம் ஆட்களுக்கு வருமா? மறுநாள் ஆறு முழுக்க மீன். அதை விட்டுவிட்டு மிஷினுக்குள் போய்ப் படுக்க அவருக்கு மனசில்லை. சொன்ன சொல்லும் போகக் கூடாது. அவர் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு நீங்கள் வண்டியேறினீர்கள். அண்ணன் தம்பிக்கு ஒரே மூஞ்சி, யாருக்குத் தெரியப்போகிறது என்று நான்தான் சொன்னேன். அந்த வாயை இப்போது என்ன செய்யலாம்?

போன புதன்கிழமை டாக்டரம்மா படகில் வந்தார். அவர் ஸ்பானிஷை நம் பேச்சில் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சொன்னார். கிழவர் விசென்தேவின் ரத்தக்குழாய் வாலிபனுடையதைப் போல இருக்கிறதாம், மூளையும் வயதுக்குச் சுருங்கவே இல்லையாம். இந்த ஆற்றுக்காரர்கள் நடக்கிற நடையும் வெட்டுகிற காடும் தின்கிற வாழைக்காயும்தான் காரணம் என்றார். கிழவர் அன்று முழுக்க மார்பைத் தட்டிக்கொண்டு திரிந்தார்.

கடைசியில் தாமசோ பெயரைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் சுண்ணாம்பு படிந்து அடைத்திருக்கிறது, பாரம் தூக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, புகைக்கக் கூடாது, சீக்கிரம் திரினிதாத் வந்து மேல் வைத்தியம் பார்க்க வேண்டும், தள்ளிப் போட்டால் ஒருநாள் நின்றுபோகலாம் என்றார். ஊரில் இப்படி இருப்பது இந்த ஒருவருக்குத்தானாம். நகரத்தில் இருந்தீர்களா என்று கேட்டார். மொத்தம் மூன்று நாள் இருந்தேன், அதில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு என்றார் உங்கள் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நான் உங்களை நினைத்தேன். சான் போர்ஹாவில் ஆறு வருஷம் பைக் டாக்சி ஓட்டியது யார்? பொரித்த கோழியும் கலர் சோடாவும் சிகரெட்டுமாக இருந்தது யார்?

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொய் அட்டை கொடுத்த குடும்பம் என்று எல்லார் முன்னாலும் பெயர் கெடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். உங்கள் நெஞ்சில் அடைப்பு என்று என் வாயாலேயே அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். என்னை நீங்கள் என்ன சொன்னாலும் தகும்.

நான்கு நாள், மச்சான். நல்லாயிருந்த மனுஷன் பாயில் படுத்துவிட்டார். டாக்டரம்மா கொடுத்த, உங்களுக்குச் சேர வேண்டிய மாத்திரையை அவர் விழுங்குகிறார். வேட்டைக்குப் போகவில்லை, பிள்ளைகளுக்கு வெறும் வாழைக்காய். அவர் பெண்சாதி ஃபெலிசா, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அழுது, விசென்தே வீட்டில் சிச்சாக் கள் குடிக்கப் போவதையே நிறுத்திவிட்டாள். நல்ல நெஞ்சுக்காரன் மேல்தானே சந்தேகம் வரும். கிழவர் வாசலில் வந்து நின்று, என்ன தப்பு செய்தேன் என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நேற்று சாயங்காலம் உங்கள் அண்ணனையும் ஃபெலிசாவையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

உங்கள் அண்ணன் முதலில் சிரித்தார். எழுந்து உட்கார்ந்து இரண்டாவது தட்டும் மீன் கஞ்சி வாங்கிக்கொண்டார். ஃபெலிசா என்னை வாய்க்கு வந்தபடி பேசினாள், பேசட்டும். பாதிக் கஞ்சியில் அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்போ அந்த நெஞ்சு என் தம்பியோடதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். "நான் மீன் பிடிக்கப் போனேன் புள்ள," என்றார். அவ்வளவுதான். ஒரு பெரிய ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. விடிந்ததும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்.

சுகாதாரப் பணியாளர் போனில் டாக்டரம்மாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயம். தம்பி என்ன வேலை செய்கிறார் என்று மட்டும் கேட்டார். மாட்டுப் பண்ணையில் மரம் அறுக்கிறார் என்றதும், மிஷினை உடனே கீழே வைக்கச் சொல் என்றார். வெள்ளிக்கிழமை காலையில் சான் போர்ஹா படித்துறைக்கு, உங்களைத் திரினிதாத் கூட்டிப்போக வண்டி வரும். நான் பிள்ளைகளோடு வியாழக்கிழமையே போய்க் காத்திருப்பேன்.

எனக்கு ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும். கரையேறும்போது பாதியில் நின்று, முள் குத்திவிட்டது என்று காலைப் பார்ப்பீர்களே, எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். காலில் ஒரு முள்ளும் இருந்ததில்லை. நெஞ்சைத்தான் பிடித்தீர்கள். கேட்டால் கோபப்படுவீர்கள் என்று நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை நினைத்து நினைத்து நேற்றிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பை மூட்டுகிறேன், வெளியே வந்து ஆற்றைப் பார்க்கிறேன், திரும்பிப் போனால் அடுப்பு அணைந்திருக்கிறது.

பண்ணைக்காரர் ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டுப் போ என்றால், முடிக்க வேண்டாம். இன்னும் ஒரே மரம்தான் என்றாலும் வேண்டாம். வரும்போது எதிர்நீரோட்டம், ஒன்றரை நாள் ஆகும். துடுப்பைத் தொடாதீர்கள். அண்ணன் துடுப்பு போட, தம்பி உட்கார்ந்து வருவதா, பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று உங்களுக்கு ரோஷம் வரும். சிரிக்கட்டும், மச்சான். கரையெல்லாம் நின்று சிரிக்கட்டும். நீங்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து வாருங்கள்.

அட்டை விஷயத்தை அம்பலமாக்கிவிட்டேன் என்று என் மேல் கோபம் இருந்தால், வாயில் வந்ததையெல்லாம் சேர்த்து வையுங்கள். வியாழக்கிழமை நேரில் வந்து திட்டுங்கள். திட்டுவதற்காகவாவது வந்துவிடுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்து நிற்கும்,
எர்மெலிந்தா