வடிவம்மாள் துப்பிய ரத்தம்

1937 ஜூலை 5, திங்கள்

சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. கூடவே உறவினர்களுக்கு என் மேல் பாசமும் பிடித்துவிட்டது. மதுரையிலிருந்து என் மனைவி குழல்வாய்மொழியின் சித்தப்பா குடும்பத்தோடு வந்து இறங்கியிருக்கிறார். மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தாராம், குற்றாலத்தில் குளிக்க அல்லவாம். கையில் பெரிய நல்லெண்ணெய்ப் புட்டி. மாப்பிள்ளைக்குத் தேய்க்கவா?

காலையில் கீழப்பாவூர் பண்ணையார் ஒருவரை வில்வண்டியில் கொண்டுவந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டு யாருக்கு எந்த வயல் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் மாரடைப்பு என்றே பயந்தேன். விசாரித்தால், முதல் நாள் ஒரு முழுப் பலாப்பழம். சோடா உப்பு கரைத்துக் கொடுத்தேன். வந்த ஏப்பத்தில் ஜன்னல் கதவு ஆடிற்று. உடனே எழுந்து உட்கார்ந்து, சொன்ன வயல்களையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார். பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூலை 7, புதன்

அச்சன்புதூரிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும். மாமியார் ரெங்கம்மாள், மருமகள் வடிவம்மாள். மருமகளுக்கு ஒரு வாரமாக வாயில் ரத்தம். துணியில் காட்டினார்கள், நல்ல சிவப்பு.

நான் கேட்டதெல்லாம் வடிவம்மாளை. பதில் சொன்னதெல்லாம் ரெங்கம்மாள். இருமல் உண்டா? உண்டு என்கிறாள் மாமியார். பசி? இல்லை என்கிறாள் மாமியார். நாக்கை நீட்டச் சொன்னபோது மட்டும் மருமகள் நாக்கு வெளியே வந்தது. நம் பக்கத்தில் இதுதான் முறை, நானும் பழகிவிட்டேன்.

ரெங்கம்மாளின் மகள் முந்தின வருஷம் இப்படித்தான் ரத்தம் துப்பி இறந்தாளாம். அதைச் சொன்னபோது அவள் குரல் இறங்கிவிட்டது. நான் மார்பைத் தட்டிப் பார்த்தேன், குழல் வைத்துக் கேட்டேன். பிறகு என்னிடம் ஒரு பெரிய குரல் இருக்கிறதே, நாடகத்தில் ராஜபார்ட் வேஷக்காரனுக்கு இருப்பது போல — அந்தக் குரலில், க்ஷயமாக இருக்கலாம், சளியைப் பார்த்துச் சொல்கிறேன், அதுவரை குழந்தையைத் தாயிடம் விட வேண்டாம் என்றேன்.

குழந்தைக்கு ஏழு மாதம். மாமியார் இடுப்பிலிருந்து அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே போயிற்று.

ஜூலை 8, வியாழன்

சளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். க்ஷயக் கிருமி ஒன்றுகூட இல்லை. ஒரு கண்ணை மூடி மூடி முகம் கோணிக்கொண்டது. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்குப் பக்கவாதமா என்று குழல்வாய்மொழியிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார்.

ஜூலை 10, சனி

ஆள் அனுப்பி மறுபடியும் சளி வாங்கிப் பார்த்தேன். இல்லை.

காய்ச்சல் இல்லை. உடம்பு மெலியவில்லை. மார்பில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ரத்தம் எங்கிருந்து வருகிறது?

ஜூலை 12, திங்கள்

என் கம்பவுண்டர் பால்வண்ணநாதனுக்கு அச்சன்புதூர்தான் மாமனார் ஊர். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு, மாமியார் வீட்டுப் பணியாரத்தோடு ஊர் வம்பையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வழக்கமாக இரண்டையும் ஆவலோடு வாங்கிக்கொள்பவன் நான்.

வடிவம்மாளை வைக்கோல் கொட்டகையில் தனியே படுக்க வைத்திருக்கிறார்களாம். தட்டு, செம்பு எல்லாம் தனி. குழந்தைக்கு ஆட்டுப்பால். நான் சொன்ன "இருக்கலாம்" அச்சன்புதூர் போய்ச் சேர்வதற்குள் "இருக்கிறது" ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை ராயகிரியிலிருந்து அவள் அப்பா வண்டி கொண்டுவந்து அழைத்துப் போகிறாராம். குழந்தை இங்கேயே. அப்படிப் பிறந்த வீட்டுக்குப் போனவளை யார் திரும்பக் கூப்பிடப் போகிறார்கள்?

"பால் கட்டிக்கிட்டு நோவுதாம் ஐயா. கொட்டகைச் சுவத்துல பீச்சி விடுதாளாம்" என்றான் பால்வண்ணநாதன்.

மத்தியானம் மறுசோறு வாங்கவில்லை. குழல்வாய்மொழி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

என்னத்தச் சொல்லித் தொலைச்சேன் நான்? சளியைப் பார்த்த பிறகு வாயைத் திறந்திருக்கக் கூடாதா? வண்டி வருவதற்குள் அவளைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன்.

ஜூலை 14, புதன்

எழுத நிறைய இருக்கிறது.

இருவரும் குழந்தையோடு வந்தார்கள். மாமியார் பக்கத்தில் இருக்கும்வரை மருமகள் வாய் திறக்க மாட்டாள். அதனால் ரெங்கம்மாளின் கையைப் பிடித்து, உங்கள் நாடியே சரியில்லையே, முன்னறையில் கொஞ்சம் படுங்கள், கம்பவுண்டர் பார்ப்பார் என்றேன். அரை நிமிஷத்தில் படுத்துவிட்டாள். தனக்கு உடம்பு சரியில்லை என்று இவ்வளவு நாள் கழித்தாவது ஒருவர் கண்டுபிடித்தாரே என்ற திருப்தி முகத்தில்.

வடிவம்மாள் முதலில் தரையைப் பார்த்தாள். பிறகு மெல்லப் பேசினாள். இருமல் என்று ஒன்றும் கிடையாதாம். தொண்டைக்குள் மேலிருந்து ரத்தம் இறங்குமாம், காறித் துப்புவாளாம். மேலிருந்து. நான் அன்றைக்குத் தட்டியதெல்லாம் கீழே.

"குனிஞ்சு முகம் களுவுதப்ப மூக்குக்குள்ள என்னமோ ஊருதாப்புல இருக்கு. அத்தை கிட்டச் சொன்னா கிறுக்குங்காங்க."

எப்போதிருந்து? சாரல் தொடங்கியதும் வீட்டோடு குற்றாலம் போய் வந்த பிறகு. அங்கே என்ன செய்தாய்? எல்லாரையும் போல எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு முறை வரக் காத்திருந்தாளாம். பால் கொடுக்கிறவள், தாகம் பொறுக்கவில்லை. பாறையிடுக்கில் தண்ணீர் கிடந்தது.

"கையெல்லாம் எண்ணெய். அள்ளிக் குடிச்சா எண்ணெயும்லா வரும். அதான் மாடு மாதிரி குனிஞ்சு வாய வச்சுக் குடிச்சேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயோடு மூக்கும் அல்லவா தண்ணீரில் இருந்திருக்கும்? ஊர்கிறது, தண்ணீரைக் கண்டால் ஊர்கிறது. சரி, அதற்குத் தண்ணீரையே காட்டுவோம் என்று ஒரு பேசினில் குளிர்ந்த நீர் நிரப்பி, மூக்கு நனைகிறாற்போல் குனிந்திருக்கச் சொன்னேன். இடுக்கியோடு நானும் தரையில் குந்தினேன். என் தொந்திக்கு அது ஏற்ற ஆசனம் இல்லை.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது மூக்கிலிருந்து கறுப்பாக ஒரு நுனி வெளியே வந்து, தண்ணீரைத் தொட்டு, நாலு பக்கமும் தேடியது. நீரட்டை. இடுக்கியைப் போட்டேன், வழுக்கி உள்ளே போய்விட்டது. மறுபடி வந்தது. மறுபடி வழுக்கியது. மூன்றாம் தடவை நானே வழுக்கி உட்கார்ந்தேன். வடிவம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்காதே தாயி, அது பயந்துகொள்ளும் என்றேன். கடைசியில் இடுக்கி முனையில் சல்லாத்துணியைச் சுற்றிப் பிடித்து, மெல்ல, மெல்ல இழுத்தேன். விரல் நீளம், ரத்தம் குடித்துக் கொழுத்திருந்தது. புட்டியில் போட்டுவிட்டு மூக்கில் பஞ்சு வைத்து அடைத்தேன்.

ரெங்கம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். க்ஷயம் இல்லை, குழந்தையை அவளிடம் கொடுங்கள் என்றேன்.

அவள் கொடுக்கவில்லை. "நீங்கதானய்யா போன வாரம் கொடுக்காதன்னீங்க."

வெளிவாசலில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். எனக்கு எதையும் வேடிக்கையாகச் சொல்லித்தான் பழக்கம். ஒரு வேடிக்கையும் வாயில் வரவில்லை.

"போன வாரம் நான் சொன்னது தப்பு" என்றேன். சாதாரணக் குரலில்தான். எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

ரெங்கம்மாள் புட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எம் மகளுக்கும் மூக்கப் பாத்திருக்கணுமோ?"

காய்ச்சல் இருந்ததா, மெலிந்தாளா என்று கேட்டேன். தினம் சாயங்காலம் காய்ச்சலாம். குச்சியாய்ப் போனாளாம். "அப்ப அது வேற, ஆச்சி. அது இது இல்லை" என்றேன். அது உண்மைதான். உண்மையாக இருந்ததற்கு நானும் நன்றி சொல்லிக்கொண்டேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை வடிவம்மாள் மடியில் வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, சுத்தமாக இருந்த இடுக்கியை இன்னொரு தரம் துடைத்தேன்.

ஜூலை 16, வெள்ளி

ராயகிரியிலிருந்து வந்த வண்டி வெறும் வண்டியாகத் திரும்பிப் போயிற்றாம். பால்வண்ணநாதன் சொன்னான்.

ஜூலை 19, திங்கள்

சித்தப்பா ஊருக்குப் போய்விட்டார். அட்டைக் கதையைக் கேட்ட நாளிலிருந்து குற்றாலம் போகாமல், எங்கள் கிணற்றடியிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு குளித்தார். வைத்தியத்தால் எனக்குக் கிடைக்கும் லாபங்களில் இதுவும் ஒன்று.

ஆகஸ்ட் 9, திங்கள்

மழை. கூட்டம் குறைவு. ரெங்கம்மாள், வடிவம்மாள், குழந்தை மூவரும் வந்தார்கள். யாருக்கு உடம்புக்கு என்றால், குழந்தையைக் காட்டினாள் கிழவி.

"பால் குடிக்கையில கடிக்கான் ஐயா. அவ துள்ளுதா. இதுக்கு ஏதும் மருந்து உண்டுமா?"

அம்மா மடியை விட்டு அவன் வருவதாக இல்லை. அங்கேயே வைத்து வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன். கீழே இரண்டு அரிசிப்பல். என்னையும் கடித்தான்.

மருந்து எதுவும் எழுதவில்லை.